ஹார்லி வீதி அம்மையார்

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் என்றதும் கிரிமியப் போரும் கைவிளக்கும் நம் நினைவுக்கு வருகின்றன. எனக்கோ அவ்விளக்கினும் ஒரு மணியே பெரிதாகத் தோன்றுகிறது.

1820 மே 12-ஆம் நாள் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஊரே பெயராயிற்று. செவிலிப் பணி இழிவெனக் கருதப்பட்ட காலம் அது, வீட்டார் தடுத்தனர். தடைகளைக் கடந்து 1853-இல் இலண்டன் ஹார்லி வீதியில் ஒரு நோயாளர் இல்லத்தின் மேற்பார்வையை ஏற்றார். ஊதியம் பெறவில்லை. பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வாழ்ந்த ஏழை ஆசிரியைகள் போன்றோர் நோயுற்றால் வந்து தங்கும் இல்லம் அது.

நோயாளி மணியடித்தால் செவிலியின் அறை வாயிலில் ஒலிக்க வேண்டும். அடித்தவர் யாரெனக் காட்டும் அடையாளமும் அங்கே தெரிய வேண்டும் என்றார் அம்மையார். மாடிதோறும் வெந்நீர்க் குழாய், உணவை மேலேற்ற ஒரு தூக்கி ஆகியவையும் கேட்டார். சிறு செய்திகள்தாமே என்பீர்கள். படுக்கையில் கிடப்பவருக்குக் கூப்பிட்டதும் ஆள் வருவதைவிடப் பெரிய செய்தி ஏது?

நிருவாகக் குழுவோடு மோதலும் வந்தது. இங்கிலாந்துத் திருச்சபையினரை மட்டுமே சேர்க்க வேண்டும் என்றது குழு. கத்தோலிக்கரும் யூதரும் வரலாம், அவரவர் குருமாரும் வந்து காணலாம் என்று இசையாவிட்டால் விலகிவிடுவேன் என்றார் அம்மையார். குழு பணிந்தது, ஆயினும் வேற்றுக் குருமாரை வாயிலில் எதிர்கொண்டு, மாடிக்கு அழைத்துச் சென்று, பேசி முடியும்வரை அம்மையார் உடனிருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. வேடிக்கையான நிபந்தனைதான்! அதனையும் ஏற்றார். நோயில் வீழ்ந்தவளுக்கு அவள் வேண்டும் வழிபாட்டை மறுக்க அம்மையாருக்கு மனமில்லை.

1854-இல் துருக்கியின் ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குச் சென்றதும், 1860-இல் இலண்டனில் செவிலியர் பள்ளி தோன்றியதும் யாவரும் அறிந்தவை. 1859-இல் எழுதிய செவிலியம் பற்றிய நூலில் ஹார்லி வீதி மணியின் ஓசை எனக்குக் கேட்கிறது. நோயாளியின் பின்னால் நின்று பேசாதே, அறைக்கு வெளியே கிசுகிசுக்காதே, கோப்பைத் தட்டில் தேநீரைச் சிந்தாதே, அவர் உண்ணாத உணவைப் படுக்கையருகே விட்டுவைக்காதே என்று அதில் அறிவுறுத்துகிறார். மலரையும் வண்ணத்தையும் நோயாளி விரும்புவது வெறும் மனமயக்கம் அன்று. அவரது உடலின் தேவை என்கிறார்.

பிறகு அவரே நெடுங்காலம் படுக்கையில் கிடந்தார். பார்க்க வருவோரை ஒருவர் ஒருவராகவே அனுமதித்தார். 1910 ஆகஸ்ட் 13-இல், 90-ஆம் வயதில் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தது. குடும்பத்தார் அவர் விருப்பப்படி அதனை மறுத்து, கிழக்கு வெல்லோ சிற்றூரின் கோயில் முற்றத்தில் அடக்கினர். கல்லில் அவருக்கென உள்ளவை பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் பிறந்த, இறந்த நாள்களும் மட்டுமே.