பில்லி ஹாலிடே: தேய்ந்துபோன குரலில் அப்படி என்ன இருக்கு?

1939, நியூயார்க்கின் ‘கஃபே சொசைட்டி’ கிளப். கடைசிப் பாட்டு வந்ததும் சர்வர்கள் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். விளக்குகள் அணையும். ஒரே ஒரு வெளிச்சம், பில்லி ஹாலிடேவின் முகத்தில் மட்டும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவர்களைக் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கொடுமையைச் சொல்லும் ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாட்டு அது. அவர் பாடிவந்த கொலம்பியா நிறுவனம் அதைத் தொடவே மறுத்துடுச்சு. கமடோர் என்ற சின்ன நிறுவனம்தான் பதிவு செய்தது.

ஹெராயின் பழக்கம் அவரை விடவில்லை. 1947-ல் கைது, சிறை. வெளியே வந்தால், மது விற்கும் நியூயார்க் கிளப்களில் பாடுவதற்கான அனுமதி அட்டை கிடையாது. பொழைப்பிலேயே அடி! ஆனாலும் 1948 மார்ச்சில் அவர் பாடியபோது கார்னகி ஹாலில் அத்தனை டிக்கெட்டும் காலி.

பெரிய குரல்வளம் என்று சொல்ல முடியாது. தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பாடுவார். 1958-ல் வந்த ‘லேடி இன் சாட்டின்’ ஆல்பத்தில் அந்தக் குரலும் கரகரன்னு தேய்ந்திருக்கும். அதை மறைக்க அவர் மெனக்கெடவே இல்லை. குரல் போச்சுன்னு உதட்டைப் பிதுக்கியவர்கள் உண்டு. எனக்கென்னவோ, இளமைக்கால ரெக்கார்டுகளைவிட இதுதான் நெருக்கம். முதல் பாட்டை மட்டுமாவது ஹெட்போனில் கேட்டுப் பாருங்க.

1959-ல், சிகிச்சையில் இருந்தபோது மருத்துவமனைப் படுக்கையிலேயே போதைப்பொருள் வழக்கில் கைதானார். அறை வாசலில் போலீஸ் காவல். ஜூலை 17-ல் அங்கேயே இறந்தார். வயது 44.