பிளாஸ்மா வைத்தியர் சார்லஸ் ட்ரூ



அடிபட்டவருக்கு இரத்தம் வேண்டுமென்றால் நம் ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். பிளாஸ்மா வேண்டும் என்றாலோ பலர் விழிக்கிறார்கள். இரத்தத்திலுள்ள அணுக்களை நீக்கினால் மிஞ்சும் வெளிர் மஞ்சள் திரவமே பிளாஸ்மா. நம் இரத்தத்தில் பாதிக்கு மேல் அதுவே. அதைச் சேமித்து வைக்கும் முறையை வகுத்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் சார்லஸ் ட்ரூ. அவருடைய சரித்திரத்தை நாம் அறிந்திருப்பது நலம்.

அவர் 1904-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி, அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில், ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் வீடுகளில் தரைக் கம்பளம் பதிக்கும் தொழிலாளி. ஐந்து பிள்ளைகளில் சார்லஸ் மூத்தவர். 1920-ல் தங்கை ஒருத்தி நோயுற்று இறந்தாள். விளையாட்டில் கெட்டிக்காரராகையால் அதற்குக் கிடைத்த உதவித் தொகையைக் கொண்டு ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் படித்தார். மேலே படிக்கப் பணமில்லை. இரண்டு வருடம் ஆசிரியர் வேலை பார்த்துச் சேர்த்த பணத்துடன் கனடாவிலுள்ள மக்கில் சர்வகலாசாலைக்குச் சென்று, 1933-ல் வைத்தியப் பட்டம் பெற்றார். பரீட்சையில் ஒரு முறை தவறியதும் புத்தகத்தை மூடிவிடும் நம் வாலிபர்கள் இதைச் சற்றுக் கவனிக்கலாம்.

பிறகு நியூயார்க் நகரின் கொலம்பியா சர்வகலாசாலையில், இரத்தத்தைக் கெடாமல் வைத்திருப்பது எப்படி என்று ஆராய்ந்தார். அந்நாளில் முழு இரத்தம் சில தினங்களிலேயே கெட்டுவிடும். பிளாஸ்மாவைப் பிரித்து வைத்தால் நெடுநாள் தாங்கும். உலர்த்திப் பொடியாக்கினால் கடல் கடந்தும் அனுப்பலாம். யுத்த களத்தில் இரத்தம் இழந்து கிடப்பவனுக்கு, இரத்த வகை பார்க்கக் காத்திராமல் அதை ஏற்ற முடிந்தது.

1940-ல் இங்கிலாந்தின் மேல் ஜெர்மன் குண்டுகள் விழுந்தன. நியூயார்க்கில் பிளாஸ்மா சேகரித்து அங்கே அனுப்பும் பொறுப்பு ட்ரூவிடம் வந்தது. பலருடைய பிளாஸ்மாவை ஒன்றாகக் கலக்கும்போது ஒரு புட்டியில் கிருமி புகுந்தாலும் அத்தனையும் விஷமாகும். ஆகவே சுத்தம், பரிசோதனை, புட்டியை மூடும் விதம் ஒவ்வொன்றுக்கும் கடும் விதி வகுத்தார். சில மாதங்களில் ஏறக்குறைய 14,500 பேர் இரத்தம் கொடுத்தனர். 5,000 லிட்டருக்கு மேல் பிளாஸ்மா கப்பலேறியது.

1941-ல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் தன் நாட்டுப் படைகளுக்காக இதே வேலையைத் தொடங்கியபோதும் வழிகாட்டியவர் அவரே. ஆனால் அவ்வருட முடிவில் வந்த விதி என்ன தெரியுமா? கறுப்பினத்தார் இரத்தம் கொடுக்கக் கூடாது! அந்த விதிப்படி, முறையை வகுத்துத் தந்த ட்ரூவே கொடுக்க முடியாது. கண்டனம் எழுந்தபின் 1942-ல் வாங்கினார்கள்; ஆயினும் தனியே பிரித்து வைத்தார்கள். மனித இரத்தத்தில் நிறவேற்றுமைக்கு விஞ்ஞான ஆதாரம் ஏதுமில்லை என்று அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். சங்கம் அப்பழக்கத்தை 1950-ல் கைவிட்டது. லூயிசியானா மாநிலச் சட்டமோ 1972 வரை நீடித்தது. அமெரிக்கரை நாம் அவசரப்பட்டு ஏச வேண்டாம். தெருவையும் கிணற்றையும், சொல்லவே கூச்சமாயிருக்கிறது, கல்லறையையும் ஜாதிவாரியாகப் பிரித்தவர்கள் நாம்.

இதைச் சகியாமல் அவர் பதவியை உதறினார் என்று சிலர் எழுதுவதுண்டு. உண்மையில் அவ்விதி வருமுன்பே, கறுப்பின மாணவர்களை அறுவை வைத்தியராக்கும் பணிக்காக ஹாவர்டு சர்வகலாசாலைக்குத் திரும்பிவிட்டார். 1950 ஏப்ரல் 1-ந் தேதி, இரவெல்லாம் வேலை செய்த களைப்போடு, டஸ்கீகியில் நடக்கும் இலவச வைத்திய முகாமுக்கு மோட்டாரில் புறப்பட்டார். வட கரோலினாவில் கண்ணயர்ந்தார், வண்டி கவிழ்ந்தது. அப்போது அவருக்கு வயது 45. வெள்ளையர் ஆஸ்பத்திரி அவரைச் சேர்க்க மறுத்தது என்ற வதந்தி இன்றும் உலவுகிறது. அது பொய். அங்கிருந்த வெள்ளை வைத்தியர்கள் இயன்றதெல்லாம் செய்தார்கள் என்று உடன் சென்ற கறுப்பின வைத்தியரே சாட்சி கூறினார்.

இன்று பிளாஸ்மாவிலிருந்து பல மருந்துகள் தயாராகின்றன. தீக்காயப்பட்டவருக்கு அல்புமின், காயம்பட்டால் இரத்தம் உறையாத ஹீமோபீலியா நோயாளிக்கு உறைபொருள், பிறப்பிலேயே எதிர்ப்புச் சக்தியற்ற குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின், நெகட்டிவ் இரத்தமுள்ள தாய்மாரின் அடுத்த குழந்தையைக் காக்க ஆன்டி-டி ஊசி. இவற்றில் இம்யூனோகுளோபுலினை மனிதர் கொடுக்கும் பிளாஸ்மாவிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் இரத்தத்தை விலைக்கு விற்பது 1998 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. தானமாக வரும் இரத்தத்தைத்தான் இரத்த வங்கிகளில் பிரிக்கிறார்கள். ஆஸ்பத்திரித் தேவைக்குப் போக மிஞ்சும் பிளாஸ்மா மருந்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்கிறது.

நம் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இரத்த வங்கி இருக்கிறது. 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள ஆரோக்கியமானவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. காலையில் வெறும் வயிற்றோடு போக வேண்டாம். கொடுத்த பிளாஸ்மாவை உடம்பு ஓரிரு நாளில் ஈடுசெய்துகொள்ளும். சிவப்பு அணுக்களுக்குத்தான் சில வாரங்கள் பிடிக்கும்.