காசிட்டால் நீர் தரும் கலம்

முக்கோணத்தின் மூன்று பக்க அளவுகளைக் கொண்டே அதன் பரப்பைக் கணக்கிடும் முறைக்கு ஹெரான் சூத்திரம் என்று பெயர். ஒன்பதாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் இப்பெயரைப் படிப்போர் பலர். காசிட்டால் பொருள் தரும் பொறியைப் பற்றி இன்று கிடைக்கும் மிகப் பழைய குறிப்பை எழுதியவரும் அவரே என்பதை அறிந்தோர் சிலர்.

ஹெரான் எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்தவர். அவர் தம் நூல் ஒன்றில் குறிப்பிடும் சந்திர கிரகணம் கி.பி. 62-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது என்று அறிஞர் கணக்கிட்டுள்ளனர். அக்காலத்தில் எகிப்து உரோமர் ஆட்சியில் இருந்தது. சேர நாட்டு முசிறியில் யவனர் கப்பலேற்றிய மிளகு, செங்கடலைக் கடந்து நைல் நதி வழியே அந்நகரை அடைந்தது. வணிகத்தைப் போலவே கல்வியிலும் சிறந்த ஊர் அது. அங்கு முன்னோர் செய்திருந்த கருவிகளைப் பற்றிய செய்திகளைத் தொகுத்து, தாம் கண்டவற்றையும் சேர்த்து, ஹெரான் நூல்கள் எழுதினார். நீராவியால் சுழலும் உருண்டை, பலிபீடத்தில் தீ மூட்டினால் தானே திறக்கும் கோயிற்கதவு ஆகியவை அவற்றுள் உள்ளன.

அவற்றினும் எளியது, கோயிலில் வைப்பதற்குரிய நீர்க்கலம். வழிபட வருவோர் தூய நீரால் தம்மைத் தூய்மை செய்துகொள்வது வழக்கம். காசு வாங்கி நீரை அளந்து கொடுக்க ஓர் ஆள் வேண்டுமல்லவா? அந்த வேலையைக் கலமே செய்தது. அதன் மேற்புறத்தில் காசு நுழையும் பிளவு ஒன்று உண்டு. உள்ளே தராசுக்கோல் போன்ற ஒரு நெம்புகோல். அதன் ஒரு முனையில் சிறு தட்டு. மறுமுனையோ நீர் வெளியேறும் துளையின் அடைப்போடு இணைந்தது. ஐந்து திராக்மா நாணயத்தை இட்டால் அது தட்டில் விழும். தட்டு தாழும், மறுமுனை உயரும், அடைப்பு விலகி நீர் ஒழுகும். தட்டு சாயச் சாய நாணயம் வழுக்கிக் கீழே விழுந்துவிடும். உடனே கோல் பழைய நிலைக்குத் திரும்பும், துளை மூடிக்கொள்ளும். திறப்பதும் காசு, விலகி மூடச்செய்வதும் அதே காசு. தட்டில் அது தங்கும் நேரமே நீரின் அளவு.

ஆள் இல்லாத இடத்தில் இது நல்ல காவல்தான். எனினும் இக்காவலுக்குத் தெரிந்தது எடை ஒன்றே. அதே எடையுள்ள வெறும் உலோகத் துண்டை இட்டாலும் அது நீர் தந்துவிடும். இக்காலப் பொறிகளோ நாணயத்தின் அளவையும், அது எந்த உலோகம் என்பதையும் மின்காந்த முறையால் சோதித்த பின்னரே பொருளைத் தருகின்றன.

ஹெரான் விவரித்த மற்றொரு கலம் காசு கேட்பதில்லை. கிண்ணத்திலிருந்து பானத்தை எடுத்தால், அதில் மிதக்கும் மிதவை தாழ்ந்து வழியைத் திறக்கும். கிண்ணம் நிறைந்ததும் மிதவை உயர்ந்து வழியை அடைக்கும். வீட்டு மாடியிலுள்ள நீர்த்தொட்டியைத் திறந்து பார்த்தால், அதே வேலையைச் செய்யும் பந்து வால்வைக் காணலாம்.

ஹெரானின் நூல்கள் பல நாடுகளில் சிதறின. பொறியியல் பற்றிய நூல் ஒன்று அரபு மொழிபெயர்ப்பாகவே எஞ்சியது. முக்கோணச் சூத்திரத்தின் நிரூபணம் அடங்கிய நூலின் கையெழுத்துப்படி 1896-இல்தான் கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் கிடைத்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1883-இல், லண்டன் மாநகரில் காசிட்டால் அஞ்சலட்டை தரும் பொறி வந்துவிட்டது. டெல்லியில் மதர் டெய்ரிச் சாவடியில் டோக்கனை இட்டுப் பாத்திரத்தை நீட்டினால், அளந்த பால் வந்து தானே நிற்கிறது.