எண்பது வயதில் ஒரு கட்சி

ராஜாஜி என்றதும் நம் பசங்களுக்கு ஞாபகம் வருவது இரண்டே விஷயம்தான். ஒன்று ராமாயணம், இன்னொன்று குலக்கல்வி. எனக்கு மூன்றாவதாக ஒன்று பிடிக்கும், அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1878-ல் தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, சென்னை மாகாணப் பிரதமர், கவர்னர் ஜெனரல், முதலமைச்சர் என்று எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்து எழுந்தவர் அவர். 1953-ல் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்துக்குச் சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு. 1954-ல் பதவி போயிற்று. வேறு யாராக இருந்தாலும் ஈசிச்சேரில் சாய்ந்திருப்பார்கள்.

1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ், கூட்டுறவுப் பண்ணை முறைக்குத் தீர்மானம் போட்டது. உழுகிறவன் நிலம் அவன் கையை விட்டுப் போய்விடும் என்று ராஜாஜி பயந்தார். அதே ஆண்டு ஜூனில், எண்பது வயதில், சுதந்திராக் கட்சி பிறந்தது.

உள்ளே வந்தவர்களைப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்! தலைவர் என்.ஜி. ரங்கா, 1930-களில் ஆந்திர ஜமீன்தார்களுக்கு எதிராக ரயத்துகளைத் திரட்டியவர். அவர் பக்கத்திலேயே ராஜாக்கள், ஜமீன்தார்கள். பொதுச்செயலாளர் மினு மசானி, பம்பாய்க்காரர், ஒரு காலத்து சோஷலிஸ்ட். கே.எம். முன்ஷி, இந்தியை ஆட்சிமொழியாக்கிய அரசியல் சட்ட சமரசத்தை எழுதியவர்களில் ஒருவர். ராஜாஜியோ 1938-ல் தானே பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிவிட்டு, இப்போது ஆங்கிலமே வேண்டும் என்கிறவர். மதுவிலக்கு அவருக்கு உயிர். மசானிக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம்ம மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிகல் மூன்றையும் ஒரே பேனலில் நிறுத்துகிற கஷ்டம் இதற்குமுன் ஒண்ணுமே இல்லீங்க.

எப்படிக் கட்டிப்போட்டார்? 21 கொள்கைகள் வகுத்தார்கள். விவசாயிக்கு நிலம் சொந்தம், தொழில் செய்கிறவனுக்குச் சுதந்திரம், அரசாங்கம் எல்லாவற்றிலும் தலையிடக் கூடாது, தர்மத்துக்குக் கட்டுப்பட்ட வாழ்வு என்று போகும். கடைசிக் கொள்கைதான் அழகு. இதில் அடங்காத எந்த விஷயத்திலும் உறுப்பினர் தம் இஷ்டப்படி கருத்து வைத்துக்கொள்ளலாம்! மொழியும் மதுவும் அந்தக் கதவு வழியாகத்தான் சண்டை இல்லாமல் வெளியே போயின. குலக்கல்வியில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத அதே மனுஷர்தான் இதற்குத் தலைப்பட்டார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று அவர் திட்டியது நமக்கும் சம்பந்தப்பட்டதே. அன்றைக்குப் பட்டறை வளர்ந்து பெரிய ஃபாக்டரி ஆகணும்னா லைசென்ஸ், வெளிநாட்டு மெஷினுக்கு இறக்குமதி அனுமதி, இரும்புக்கும் சிமெண்டுக்கும் கன்ட்ரோல். டிப்ளமோ படித்தவன் டெல்லி ஆபீஸ் படியை எங்கே ஏறுவான்?

1962-ல் மக்களவையில் 18 இடம். நட்சத்திரச் சின்னம் 1967-ல் 44 இடம் பிடித்து மிகப்பெரிய எதிர்க்கட்சி ஆனது. ஆனால் கொள்கைக்காக வந்தவர்களும் காங்கிரஸ் மேல் கோபத்தில் வந்தவர்களும் ஒன்றா? பீகாரில் ராம்கர் ராஜா தம் ஆட்களோடு வந்தார், சில வருஷத்திலேயே அவர்களோடு போயும்விட்டார். காகிதத்தில் எழுதிய கொள்கை அவரை நிறுத்தவில்லை. ராஜாஜி இவர்களை நம்பியது தப்புக்கணக்கு என்றே நினைக்கிறேன்.

1971-ல் மிஞ்சியது 8 இடம். மசானி தலைமைப் பதவியை விட்டார், ரங்கா காங்கிரசுக்கே திரும்பினார். 1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி காலமானார். 1974-ல் கட்சி சரண்சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று டெல்லி அறிவித்தது 1991-ல். அறிவித்தது காங்கிரஸ் அரசு.