தேவை அறிந்த மருத்துவர்

ஜார்ஜ் டவுனில் உள்ள சூலியா தெரு தமிழர்களுக்கு நன்கு பழகிய தெரு. சோழ மண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களை அக்காலத்தில் சூலியாக்கள் என்று அழைத்தனர். அவர்களின் பெயரே அத்தெருவுக்கும் நிலைத்துவிட்டது. 1904-ஆம் ஆண்டின் இறுதியில் அந்தத் தெருவில் இளம் சீன மருத்துவர் ஒருவர் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 25. பிற்காலத்தில் உலகம் முழுவதும் அறிந்த டாக்டர் வூ லியன் தே அவர்தாம்.

வூ 1879-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். அவருடைய தந்தை தென் சீனாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த பொற்கொல்லர். பிள்ளைகள் பலர் நிறைந்த பெரிய குடும்பம் அது. பிறருக்கு நகை செய்து கொடுக்கும் வீட்டில் வளர்ந்தாலும் வூவின் கவனம் படிப்பிலேயே இருந்தது. 1816-இல் தொடங்கப்பட்ட பினாங்கு பிரீ பள்ளியில் அவர் பயின்றார். அப்பள்ளி அன்று ஃபார்குவார் தெருவில் இருந்தது. அதன் பழைய கட்டடம் பின்னர் மாநில அருங்காட்சியகமாக மாறியது.

அந்நாளில் நீரிணைக் குடியேற்ற நாடுகளில் மகாராணி உபகாரச் சம்பளம் என்ற ஒன்று வழங்கப்பட்டது. தேர்வில் தலைசிறந்து விளங்குபவருக்கே அது கிடைக்கும். 1896-இல் வூ அதனைப் பெற்றார். பதினேழு வயதில் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இமானுவேல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு மருத்துவம் பயின்ற முதல் சீன மாணவர் அவர்தாம். பின்னர் லண்டனிலும் லிவர்பூலிலும், ஜெர்மனியிலும், பாரிஸில் பாஸ்டர் ஆய்வுக் கழகத்திலும் பயிற்சி பெற்றார். 1903-இல் மலாயா திரும்பியபோது அவருக்குக் கிடைத்த அனுபவம் கசப்பானது. அரசாங்க மருத்துவச் சேவையில் உயர் பதவிகள் பிரிட்டிஷாருக்கு மட்டுமே உரியவை. எவ்வளவு படித்திருந்தாலும் உள்ளூரில் பிறந்தவர் உதவி மருத்துவராகத்தான் இருக்க முடியும். ஆகவே, ஏறத்தாழ ஓராண்டு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஆராய்ச்சி செய்த பிறகு, வூ பினாங்குக்கே வந்து சொந்தமாகத் தொழில் நடத்த முடிவு செய்தார்.

அந்த ஓராண்டில் அவர் ஆராய்ந்த நோய்களுள் பெரிபெரியும் ஒன்று. கால்கள் வீங்கி, மரத்து, இறுதியில் இதயம் நின்றுபோகும் நோய் அது. ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஏராளமானோர் அதற்குப் பலியாயினர். ஆனால், அதே மலாயாவில் தோட்டங்களில் உழைத்த தமிழர்களை அந்நோய் அவ்வளவாகத் தாக்கவில்லை. இந்த வேறுபாட்டைக் கவனித்த மருத்துவர்கள் சில ஆண்டுகளில் காரணத்தைக் கண்டுபிடித்தனர். சீனத் தொழிலாளர்கள் உண்டது நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி. பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக ஆலையில் தவிடெல்லாம் நீக்கப்பட்டிருந்தது. தமிழர்கள் உண்டதோ புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. கண்ணுக்கு அழகான அரிசியை மனம் விரும்பியது. உடலுக்குத் தேவைப்பட்டதோ கழித்துக் கொட்டப்பட்ட தவிடு. நம் பாட்டிமார் பழுப்பு நிறப் புழுங்கல் அரிசியை விடாமல் வாங்கி வந்ததற்கு விஞ்ஞானம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இந்த முடிவை நிலைநாட்டியவர்கள் வேறு ஆய்வாளர்கள்.

சூலியா தெருவுக்கு வந்த வூவுக்கு அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று காத்திருந்தது. அதுதான் அபின்.

அன்றைய பினாங்கில் அபின் புகைப்பது சட்டப்படி குற்றம் அன்று. இந்தியாவில் விளைந்த அபின் கப்பல் கப்பலாக இறக்குமதியானது. அதைக் காய்ச்சி விற்கும் உரிமையை அரசாங்கம் குத்தகைக்கு விட்டது. அதிகத் தொகை கேட்கும் வணிகருக்கே குத்தகை. அவர் அரசாங்கத்துக்குப் பணம் கட்டிவிட்டு, கடைகளின் வழியாக அபினை விற்று இலாபம் பார்ப்பார். நீரிணைக் குடியேற்ற நாடுகளின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய பாதி அபினிலிருந்தே வந்தது. சாலை, துறைமுகம், அலுவலர் சம்பளம் எனப் பல செலவுகளுக்கும் அந்தப் பணம் பயன்பட்டது. குத்தகை எடுத்த வணிகர்களோ ஊரில் மதிப்பு மிக்க பெரிய மனிதர்கள்.

இதற்கெல்லாம் பணம் தந்தவர் யார்? ரிக்‌ஷா இழுத்தவர், மூட்டை சுமந்தவர், சுரங்கத்தில் மண் வெட்டியவர். நாள் முழுவதும் உழைத்த உடல்வலியை மறக்க முதலில் ஒருமுறை புகைப்பார்கள். அது வெறும் ஆசைதான். சில மாதங்களில் அபின் இல்லாமல் கையும் காலும் ஓயாமல் நடுங்கும், தூக்கம் வராது, வேலைக்குப் போக முடியாது. அப்போது அபின் அவர்களுக்குச் சோற்றைவிட அவசியமான பொருளாகிவிடும். கூலியின் பெரும்பகுதி அபின் கடைக்குப் போகும்; சீனாவிலுள்ள குடும்பத்துக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. ஆசை தேவையின் வேடம் போட்டுக்கொள்வது இப்படித்தான். சிகிச்சைக்கு வந்தவர்களின் உடம்பிலேயே வூ இதைக் கண்டார். நம்மவர் தோட்டங்களில் கள்ளுக்கடை செய்த வேலையும் இதற்குச் சற்றும் குறைந்தது அன்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடும்படியும் கேட்டார்கள் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

வூ மருந்து கொடுத்ததோடு நிற்கவில்லை. பினாங்கு அபின் எதிர்ப்புச் சங்கத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். பழக்கத்தை விட விரும்புவோருக்குச் சிகிச்சை அளிக்க ஏற்பாடு செய்தார், கூட்டங்களில் பேசினார். 1906-இல் ஈப்போவில் அபின் எதிர்ப்பு மாநாடு ஒன்றைக் கூட்டினார். மலாயாவின் பல பகுதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் அதில் திரண்டனர். குத்தகைக்காரர்களுக்கு இது பொறுக்குமா? கடையில் கூட்டம் குறைந்தால் இலாபம் குறையும். அரசாங்கத்துக்கும் வருமானம் குறையும்.

1907-இல் ஒருநாள் அதிகாரிகள் வூவின் மருந்தகத்தைச் சோதனையிட்டார்கள். அங்கு ஓர் அவுன்ஸ் அபின் மருந்துக் கரைசல் இருந்தது. அவருக்கு முன்பு அங்குத் தொழில் நடத்திய ஆங்கிலேய மருத்துவரிடமிருந்து மற்ற மருந்துகளோடு சேர்த்து வாங்கியது அது. மருத்துவர்கள் அன்று நோயாளிகளுக்குச் சாதாரணமாகக் கொடுத்த மருந்துதான். ஆனாலும், உரிமம் இல்லாமல் அபின் வைத்திருந்தார் என்று வழக்குத் தொடரப்பட்டது. அவருக்கு 100 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீடும் தள்ளுபடியானது. ஊரெங்கும் அபினை மலிவாக விற்கலாம். அதை எதிர்ப்பவர் ஒரு புட்டி மருந்து வைத்திருந்தால் குற்றவாளி! அபராதத் தொகை பெரிதன்று. பிறந்த ஊரில் குற்றவாளி என்று பெயர் வாங்கியதுதான் அவரை வாட்டியது.

அந்நேரத்தில் சீன அரசாங்கத்திடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. தியன்சின் நகரில் இருந்த இராணுவ மருத்துவக் கல்லூரியின் துணை இயக்குநர் பதவி. 1908-இல் வூ பினாங்கை விட்டுப் புறப்பட்டார். அவர் போன பிறகும் அபின் விற்பனை நிற்கவில்லை. 1910-இல் குத்தகை முறையை நீக்கிய அரசாங்கம் விற்பனையைத் தானே எடுத்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் மலாயாவில் அபின் முற்றாகத் தடை செய்யப்பட்டது.

1910-ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் வடகிழக்கே மஞ்சூரியாவில் கொள்ளைநோய் ஒன்று பரவியது. அதன் தொடக்கத்திலும் ஓர் ஆசை இருந்தது. ஐரோப்பாவில் விலையுயர்ந்த மென்மயிர் ஆடைகள் நாகரிகமாக இருந்தன. மஞ்சூரியப் புல்வெளிகளில் வாழும் மர்மோட் என்ற அணில் இன விலங்கின் தோலுக்குச் சாயம் ஏற்றினால், அது உயர்ந்த வகை மென்மயிர் போலவே தோன்றும் என்று கண்டுபிடித்தார்கள். தோலின் விலை பல மடங்கு ஏறியது. அவ்விலங்கை நெடுங்காலமாக வேட்டையாடிய உள்ளூர் மக்களுக்கு, சோர்ந்து கிடக்கும் மர்மோட்டைத் தொடக் கூடாது என்று தெரியும். பணம் ஈட்டும் ஆவலில் தொலைவிலிருந்து வந்த புதிய வேட்டைக்காரர்களுக்கு அது தெரியவில்லை. நோயுற்ற விலங்குகள்தாம் எளிதில் சிக்கின. நோய் மனிதருக்குத் தொற்றி, இரயில் பாதை வழியே நகரங்களுக்குப் பரவியது.

டிசம்பர் 24-ஆம் நாள் வூ ஓர் உதவியாளருடன் ஹார்பின் நகரம் வந்து சேர்ந்தார். கடுங்குளிர் காலம். நோய் கண்டவர்களில் பிழைத்தவர் இல்லை என்றே சொல்லலாம். வந்த சில நாட்களிலேயே, இறந்த ஒரு பெண்ணின் உடலை அறுத்துப் பரிசோதித்து, இந்நோய் நுரையீரலைத் தாக்கும் வகை என்றும், எலியும் தெள்ளுப்பூச்சியும் இல்லாமலேயே மனிதரின் மூச்சுக் காற்றில் பரவுகிறது என்றும் வூ கண்டறிந்தார். மற்ற மருத்துவர்கள் பலர் இதை நம்பவில்லை.

விலைமிக்க கருவி எதையும் அவர் கேட்கவில்லை. காயத்துக்குக் கட்டும் மெல்லிய துணியில் பஞ்சை வைத்து மடித்து, தலைக்குப் பின்னால் முடிச்சுப் போடும்படி முகக்கவரி செய்யச் சொன்னார். சில காசுகளே செலவாகும். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். தம்மைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்த மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் முகக்கவரி தேவையில்லை என்று கருதி, அது இல்லாமலேயே நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் அவர் நோய் கண்டு இறந்தார். அதன் பின்னர் ஹார்பினில் முகக்கவரி அணியாதவரைக் காண்பது அரிதாயிற்று. இரஷ்ய இரயில்வேயிடமிருந்து சரக்குப் பெட்டிகளை இரவல் வாங்கி, நோயாளிகளோடு பழகியவர்களை வூ அவற்றில் தனியே தங்க வைத்தார். 2020-இல் நாம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது முகக்கவரியோடு வீட்டில் இருந்தோமே, அதற்கு நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது.

இன்னொரு முடிவு இதைவிடக் கடினமானது. நிலம் பனியில் உறைந்து கல்லாக இருந்ததால் குழி தோண்ட முடியவில்லை. நகருக்கு வெளியே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சடலங்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. அவற்றை எரிப்பதே வழி. ஆனால், முன்னோரின் உடலை மண்ணில் புதைப்பது சீனர்களின் புனிதக் கடமை. எரிப்பது பெரும் அவமதிப்பு. பெற்றோரையும் பிள்ளைகளையும் இழந்த மக்களிடம் அந்தச் சடங்கையும் விட்டுக்கொடுக்கச் சொல்வது எளிதா? சடங்கை அற்ப ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. துயரத்தில் இருப்போருக்கு அதுவும் ஒரு தேவைதான். வூ மக்களின் மனத்தை மிதித்துச் செல்லவில்லை. ஊர்ப் பெரியவர்களையும் அதிகாரிகளையும் அழைத்துச் சென்று அந்தச் சடலங்களை நேரில் பார்க்க வைத்தார். பிறகு பேரரசரின் அனுமதியைக் கேட்டுப் பெற்றார். 1911 ஜனவரி இறுதியில், சீனப் புத்தாண்டு வேளையில், சடலங்கள் எரியூட்டப்பட்டன. மார்ச் 1-ஆம் நாளோடு அங்குப் புதிய நோயாளிகள் இல்லை. அதற்குள் மஞ்சூரியா எங்கும் சுமார் 60,000 பேர் இறந்திருந்தனர்.

அடுத்த மாதமே முக்டன் நகரில் நடைபெற்ற அனைத்துலகக் கொள்ளைநோய் மாநாட்டுக்கு வூ தலைமை தாங்கினார். பதினொரு நாடுகளின் அறிஞர்கள் வந்திருந்தனர். பினாங்கில் அபராதம் கட்டிய மருத்துவருக்கு அப்போது வயது 32. தொடர்ந்து சீனாவில் மருத்துவமனைகளும் துறைமுகங்களில் நோய்த் தடுப்பு நிலையங்களும் உருவாகப் பாடுபட்டார். 1935-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது.

1937-இல் ஜப்பான் சீனாவின் மீது படையெடுத்தது. அதே ஆண்டில் வூவின் மனைவியும் காலமானார். வூ மலாயாவுக்குத் திரும்பினார். உலகப் புகழ் பெற்றவர் தலைநகரில் பெரிய மருத்துவமனை ஒன்றைத் தொடங்கியிருக்கலாம். அவரோ ஈப்போவில், புரூஸ்டர் சாலையில் சாதாரண மருந்தகம் ஒன்றைத் திறந்தார். ஏழைகளுக்குக் கட்டணம் வாங்காமல் சிகிச்சை அளித்தார். ஜப்பானியர் காலத்தில் எதிர்ப்புப் படையினர் அவரைக் கடத்திச் சென்று, பணம் பெற்றுக்கொண்டு விடுவித்தனர். பணம் கொடுத்ததற்காக ஜப்பானியரும் அவர்மீது சந்தேகம் கொண்டனர். அவர் முன்பு சிகிச்சை அளித்திருந்த ஜப்பானிய அதிகாரி ஒருவரால் தண்டனையிலிருந்து தப்பினார். போருக்குப் பிறகு, ஈப்போவில் பொது நூலகம் அமைய வூ முன்னின்று நன்கொடை திரட்டினார். அந்நூலகம் இன்று துன் ரசாக் பெயரில் இயங்குகிறது.

1959-இல் அவருடைய தன்வரலாற்று நூல் கேம்பிரிட்ஜில் வெளியானது. அப்போது அவருக்கு எண்பது வயது. ஓய்வுக் காலத்தைப் பிறந்த ஊரில் கழிக்க எண்ணி, பினாங்கில் ஒரு வீடு வாங்கிக் குடிபுகுந்தார். அங்கு வந்த சிறிது காலத்திலேயே, 1960-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள் காலமானார். அவர் பயின்ற பினாங்கு பிரீ பள்ளியில் மாணவர் இல்லம் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.