சிகாகோ பேரவையில் ஒலித்த சமணக் குரல்

சிகாகோ சர்வ சமயப் பேரவை என்றவுடன் சுவாமி விவேகானந்தரே நினைவுக்கு வருகிறார். அதே மேடையில் அருகன் அறத்தை எடுத்துரைத்த வீர்சந்த் ராகவ்ஜி காந்தியை நம்மவருள்ளும் பலர் அறியார்.

குஜராத்தின் மகுவா நகரில் 1864 ஆகஸ்ட் 25-இல் பிறந்த இவர், 1884-இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இந்திய ஜைன சங்கத்தின் கௌரவச் செயலாளரானார். சத்ருஞ்ஜய மலை யாத்திரிகர்மீது பாலித்தானா சமஸ்தானம் விதித்த வரியை எதிர்த்துப் போராடினார். சம்மேத சிகர மலையில் பன்றிக்கொழுப்பு ஆலை எழுந்தபோது, அவ்வழக்கின் பொருட்டுக் கல்கத்தாவில் தங்கி வங்க மொழியையும் கற்றார்.

1893-ஆம் ஆண்டுப் பேரவைக்கு அழைக்கப்பெற்றவர் ஆத்மாராம்ஜி என வழங்கப்பெற்ற ஆசாரியர் விஜயானந்த சூரி. கால்நடையாகவே செல்லும் நோன்புடைய துறவி கப்பலேறுதல் இயலாது. ஆகவே அவர் தம் கருத்துகளை வீர்சந்துக்குப் பயிற்றுவித்து அனுப்பினார். அவ்வாறு இருபத்தொன்பது வயது இல்லறத்தார் ஒருவர் சமண அறத்தின் பிரதிநிதியானார்.

செப்டம்பர் 11 முதல் 27 வரை நடந்த அப்பேரவையில், ஒவ்வொருவரும் தத்தம் சமயத்தை விளக்கலாம். பிறர் சமயத்தைத் தாக்கலாகாது என்பது நெறி. ஏற்பாட்டாளரும் பேச்சாளருள் பெரும்பாலோரும் கிறித்தவரே என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனினும் இலங்கையின் அநகாரிக தர்மபாலரும், பிரம்ம சமாஜத்துப் பிரதாப் சந்திர மஜும்தாரும், நம் வீர்சந்தும் எவர்க்கும் தாழாது ஒரே மேடையில் அமர்ந்தனர்.

அந்நெறி ஒருநாள் பிறழ்ந்தது. பெண்டிகாஸ்ட் என்னும் பாதிரியார், இந்துக் கோயில்களில் பணிபுரியும் பெண்டிரின் ஒழுக்கத்தைச் சுட்டி இந்து சமயத்தை இகழ்ந்தார். சமணத்தை அவர் தொடவில்லை. வீர்சந்த் வாளாவிருந்திருக்கலாம், தம் சமயத்திற்கு இழுக்கில்லை என்று மகிழ்ந்தும் இருக்கலாம். அவரோ தம் உரையைத் தொடங்குமுன் அப்பழிக்கு விடை கூறினார். குறைகள் எச்சமுதாயத்திலும் உண்டு. அவற்றைக் கொண்டு ஒரு சமயத்தை அளத்தல் முறையன்று என்பது அவ்விடையின் சாரம். அதன் பின்னரே சமண வரலாற்றையும் கோட்பாடுகளையும் விளக்கினார். அநேகாந்தம் பற்றிப் பேசுதல் எளிது. அயலார்க்காக எழுந்து நிற்றலே அரிது. அவருடைய உரையினும் இந்நிகழ்ச்சியையே யாம் பெரிதென மதிக்கிறோம்.

அயலார் அவையில் பெற்ற சமநிலை சொந்த ஊரில் உடனே வாய்க்கவில்லை. கடல் கடந்தமைக்காக அவரை விலக்க வேண்டுமெனச் சமூகத்தாருள் சிலர் முனைந்தனர். ஆசாரியர் அவர் பக்கம் உறுதியாக நின்றார். வீர்சந்த் மீண்டும் அமெரிக்கா சென்றார். இந்தியாவில் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, அந்நாட்டாரிடம் தானியமும் பொருளும் திரட்டித் தாயகத்துக்கு அனுப்பினார். இங்கிலாந்திலும் உரைகள் ஆற்றினார்.

1901-இல் உடல் நலிந்து தாயகம் திரும்பியவர், ஆகஸ்ட் 7-இல் பம்பாயில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. சிகாகோவை அடுத்த பார்ட்லெட் நகரின் ஜைன ஆலய வளாகத்தில் இன்று அவருடைய சிலை நிற்கிறது.