ஸ்டீபன் திமோசென்கோ

ஸ்டீபன் திமோசென்கோ (டிசம்பர் 1878 - மே 29, 1972) ஒரு பொறியியல் பேராசிரியரும் நூலாசிரியரும் ஆவார். உக்ரைனில் பிறந்த இவர் உருசியா, உக்ரைன், யுகோசுலாவியா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளில் கற்பித்தார். தற்காலப் பொறியியல் விசையியலின் தந்தை எனப் போற்றப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

அன்று உருசியப் பேரரசின் பகுதியாக இருந்த செர்னிகோவ் மாகாணத்தில், சுபொத்தோவ்கா என்னும் சிற்றூரில் பிறந்தார். ரோம்னி நகரப் பள்ளியில், பின்னாளில் புகழ்பெற்ற இயற்பியலாளர் ஆபிராம் யோஃபி இவருடன் பயின்றார். 1901 இல் சென் பீட்டர்சுபர்க் போக்குவரத்துப் பொறியியல் நிறுவனத்தில் பட்டம் பெற்றார். பின்னர் செருமனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் லூட்விக் பிராண்டிலிடம் சில காலம் பணியாற்றினார்.

கீவ் நகரில்

1906 இல் கீவ் பல்தொழில்நுட்ப நிறுவனத்தில் பொருள்களின் வலிமை பற்றிய துறைக்குப் பேராசிரியரானார். 1909 இல் கட்டமைப்புப் பொறியியல் பிரிவின் தலைவராகவும் ஆனார். மாணவர்களுக்கு ஆற்றிய விரிவுரைகளே இவரது முதல் பாடநூலுக்கு அடிப்படையாயின.

1911 இல் கல்வி அமைச்சர் காசோவுக்கு எதிரான கண்டன அறிக்கையில் கையொப்பமிட்டதால் பதவி நீக்கம் செய்யப்பட்டார். மீள்தன்மைப் பொருள்களின் உறுதிநிலை பற்றிய ஆய்வுக்காக அதே ஆண்டில் கிடைத்த சுராவ்சுகி பரிசே, வேலையிழந்திருந்த காலத்தில் இவருக்கு உதவியது. அதன் பின்னர் சென் பீட்டர்சுபர்க்கில் மீண்டும் பேராசிரியரானார். 1918 இல் உக்ரைன் அறிவியல் கழகம் நிறுவப்பட்டபோது வெர்னாத்சுகிக்குத் துணைநின்றார்.

புலப்பெயர்வு

உள்நாட்டுப் போரினால் நாட்டைவிட்டு வெளியேறிய இவர், 1920 இல் சாக்ரெப் நகரில் பேராசிரியரானார். குரோவாசிய மொழியை முழுதும் அறியாத நிலையில், உருசிய மொழியில் இயன்றவரை குரோவாசியச் சொற்களைக் கலந்து பாடம் நடத்தினார். 1921 இல் இவர் வெளியிட்ட உத்தரக் கோட்பாடு, வளைவுடன் வெட்டுத் திரிபையும் சுழற்சி நிலைமத்தையும் கணக்கில் கொள்கிறது. குட்டையான, தடித்த உத்தரங்களுக்கும் உயர் அதிர்வெண் அதிர்வுகளுக்கும் பழைய கோட்பாட்டைவிட இது துல்லியமான விடை தருகிறது. இன்று அது திமோசென்கோ உத்தரக் கோட்பாடு என்றே வழங்குகிறது.

அமெரிக்காவில்

1922 இல் அமெரிக்கா சென்ற திமோசென்கோ, 1923 முதல் 1927 வரை வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பணிபுரிந்தார். அங்கிருந்த இளம் பொறியாளர்களின் கணித அறிவு போதாது எனக் கண்டு அவர்களுக்கு விரிவுரைகள் நடத்தினார். 1927 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும், 1936 இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்திலும் பேராசிரியரானார். மிச்சிகனில் பொறியியல் விசையியலுக்குத் தனிப் பட்டப்படிப்பையும் முனைவர் ஆய்வையும் தொடங்கினார். அனுபவ விதிகளையே பெரிதும் நம்பியிருந்த அமெரிக்கப் பொறியியல் கல்வி, கணிதக் கோட்பாட்டின் பக்கம் திரும்பியதில் இவருக்குப் பெரும் பங்குண்டு.

நூல்கள்

எளிய நடைமுறைச் சிக்கலில் தொடங்கிப் படிப்படியாகப் பொதுக் கோட்பாட்டுக்குச் செல்வது இவரது நூல்களின் இயல்பு. இவை பல மொழிகளில் பெயர்க்கப்பட்டன. இந்தியப் பொறியியல் கல்லூரிகளிலும் பல தலைமுறை மாணவர்கள் இவற்றைப் பயன்படுத்தியுள்ளனர். அவற்றுள் முதன்மையானவை:

* பொறியியலில் அதிர்வுச் சிக்கல்கள் (1928)
* பொருள்களின் வலிமை (1930)
* மீள்தன்மைக் கோட்பாடு (1934)
* மீள்தன்மை உறுதிநிலைக் கோட்பாடு (1936)
* தட்டுகள், ஓடுகள் பற்றிய கோட்பாடு (1940)
* பொருள்களின் வலிமை இயல் வரலாறு (1953)

இறுதிக் காலம்

1957 இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகம் இவர் பெயரால் ஒரு பதக்கத்தை நிறுவி, முதற் பதக்கத்தை இவருக்கே வழங்கியது. தாம் விட்டு வெளியேறிய நாட்டுக்கு 1958 இல் சென்று அங்குள்ள பொறியியல் கல்வியைப் பார்வையிட்டு, அதுபற்றி 1959 இல் ஒரு நூல் வெளியிட்டார். முதுமையில் செருமனியின் ஊப்பர்டால் நகரில் மகளுடன் வாழ்ந்து, 1972 இல் காலமானார். இவரது அசுத்தி கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் அடக்கம் செய்யப்பட்டது.